அவள் எடுத்த பந்து

"உனக்கு எது சரியா இருக்கும்னு நான் சொல்றேன்" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், அவள் முகம் மாறிவிடும். சொல்கிறவர் யாராக இருந்தாலும் சரி. புடவைக் கடைக்காரர், கம்பெனி டாக்டர், பாஸ்டர் வீட்டம்மா, ஒருவருக்கும் விலக்கு கிடையாது. ஆம்பூரில் கண்ணாடி வாங்க ஒருமுறை என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். தன் முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய வட்டப் பிரேம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். கடைக்காரர் வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன். முன்பின் தெரியாத ஒருவர், தன் கண்ணாடியைச் சரிபார்க்க வந்தவர், அவரும் தலையை ஆட்டினார். அதையேதான் வாங்கினாள்.

"இன்னாடி இது, பார்க்கவே பேஜாரா கீது" என்றேன் தெருவில் வந்ததும்.

"தப்பா எடுத்தாலும் நான் எடுத்ததா இருக்கட்டும்" என்றாள்.

பழகிய வருஷங்களில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, கணக்கே இல்லை. கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலோடுதான் அவள்மேல் எனக்குப் பிரியமும் வளர்ந்தது. இரண்டையும் இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்கிற பிரிவு. பாகாயத்திலிருந்து பஸ்ஸில் காட்பாடி வந்து, அங்கே ரயில் பிடித்து வருவேன். அவள் மாதனூர்ப் பக்கம். கம்பெனி பஸ் ஊர் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். அவளுக்குத் தோல் செலக்ஷனில் வேலை. பதனிட்டு வருகிற தோலை ஒவ்வொன்றாக மேசைமேல் விரித்து, தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பின்பக்கத்தில் சாக்பீஸால் எழுத வேண்டும். அதுவரை ஆண்கள் மட்டுமே நின்ற மேசை அது. எப்படியோ சண்டை போட்டு அதில் இடம் பிடித்திருந்தாள்.

சரக்கு அவசரமாகப் போக வேண்டிய நாட்களில் மேலே இருந்து ஆள் வருவார்கள். "இந்த ரெண்டாந்தரத்தை மொதத் தரத்துல சேத்துடும்மா, ஒரு லாட்டுதானே" என்பார்கள். மற்ற செலக்டர்கள் சேர்த்துவிடுவார்கள். இவள் சாக்பீஸை அவர்கள் கையில் கொடுத்து, "நீங்களே அழிச்சிட்டு எழுதுங்க சார், கீழ உங்க பேரையும் போட்டுடுங்க" என்பாள். ஒருவரும் எழுதியதில்லை. அவள் குறித்தது எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். கொசுக்கடி வடுவைப் பூச்சி அரிப்பு என்று நினைத்து நல்ல தோலைக் கழித்த நாளும் உண்டு. தவறு என்று தெரிந்த பிறகும் அவள் தானாக அழித்ததில்லை.

கல்யாணமும் அப்படித்தான். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி, தானே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் பெங்களூருக்கு வேலை தேடிப் போனான், போனவன் போனவன்தான். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் புருஷன்மாரைத் திட்டித் தீர்க்கும்போது இவள் குழம்பைத் தொட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருப்பாள். ஒரு வார்த்தை அவனைப் பற்றிக் குறை சொல்ல மாட்டாள். எங்களுக்குத்தான் வயிறு எரியும்.

இப்போது பௌலிங் கதைக்கு வருகிறேன். கிரிக்கெட் இல்லை. வழவழப்பான மரத்தரையில் கனமான பந்தை உருட்டி, கடைசியில் முக்கோணமாக நிற்கிற பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. ஆம்பூருக்கும் அதற்கும் இன்னா சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் முதலாளி தைவானில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிற பையர்கள் மாலையில் பொழுதுபோக்கட்டும் என்று, முன்பு தோல் காயப்போட்டிருந்த நீளக் கொட்டகையில் இரண்டு லேன் போட்டார். எங்கேயோ மூடிய கிளப்பிலிருந்து வந்த பழைய பலகைகள். கட்டைகளை நிறுத்துகிற மெஷின் மூன்றாம் மாதமே நின்றுவிட்டது. பையர்கள் வருகிற நாள் தவிர மற்ற நாட்களில் 'ஸ்டாஃப் விளையாடலாம்' என்று போர்டு மாட்டினார்கள்.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். இவள் நேராகப் போய்ப் பந்தை எடுத்தாள். மெட்ராசிலிருந்து புதிதாக வந்திருந்த ஜி.எம். ஓடி வந்தார்.

"லேடீஸ் எல்லாம் ஸ்கோர் எழுதலாம்மா. ஆடறதுன்னா கை சுளுக்கிக்கும்."

"போர்டுல ஸ்டாஃப்னு போட்டிருக்குது சார். நாங்க ஸ்டாஃப் இல்லன்னா இன்னான்னு சொல்லிடுங்க, திங்கக்கிழமையிலருந்து வரல."

முதலாளி வரை போயிற்று. அவர் சிரித்துவிட்டு, ஆடிக்கொள்ளட்டும் என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமை மதியம் எங்களுடையது. எட்டுப் பேர் சேர்ந்தோம். ஸ்டிச்சிங்கில் நான்கு பேர், பேக்கிங்கில் ஒருத்தி, கேன்டீனில் ஒருத்தி, அவள், நான். நாங்களே பந்து போடுவோம், நாங்களே அந்தப்பக்கம் ஓடிக் கட்டைகளை நிறுத்துவோம். எனக்கு விளையாட வராது. பந்தை உருட்டினால் பாதித் தூரத்திலேயே ஓரப் பள்ளத்தில் விழும். ஆனாலும் ஒரு சனிக்கிழமை தவறவிட்டதில்லை. கம்பெனி விட்டால் ரயில், ரயில் விட்டால் மாமியார், சமையல், பையன் பாடம். அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள் என்கிற நிலையில்தான் நான் இருந்தேன்.

லேனுக்கு எண்ணெய் பூச வேண்டும். அதுதான் இந்த விளையாட்டின் சூட்சுமம் என்று பிறகு தெரிந்தது. பலகை தேயாமலிருக்கவும் பந்து வழுக்கிப் போகவும் மெல்லிசாக ஒரு பூச்சு. அதற்கென்று வந்த டின் தீர்ந்துபோனது. எங்கள் ஆட்கள் யோசிக்கவே இல்லை. டேனரியில் தோல் மிருதுவாக இருக்க டிரம்மில் ஊற்றுகிற மீன் எண்ணெயை ஒரு கேனில் கொண்டுவந்து, துணியால் தேய்த்துவிட்டார்கள். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே. தோல் ஊரில் வேறென்ன கிடைக்கும். அது காயவும் இல்லை, போகவும் இல்லை. கொட்டகை முழுக்கக் கருவாட்டு வாடை. லேன் சதசதவென்று மின்னியது. எந்தப் பந்தைப் போட்டாலும் சறுக்கிக்கொண்டு நேரே ஓடியது.

அந்த நேரத்தில்தான் மெட்ராசில் புதிதாகத் திறந்த பெரிய பௌலிங் கூடத்தில், தோல் ஏற்றுமதிக் கம்பெனிகள் ஆறு சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். கம்பெனிக்கு நான்கு பேர், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஜி.எம்.முக்கு வேறு வழியில்லை, இவளைப் போட்டார். மற்ற மூன்று பேர் ஆபீஸ் ஆண்கள். நான்கு பேருக்கும் சொந்தப் பந்து வரவழைப்பது என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்களுக்கு ஆர்டர் பிடித்துத் தருகிற தைவான் ஏஜென்ட் பௌலிங் பைத்தியம். தன் பந்துகள் இரண்டையும் ஒரு கேட்லாக்கையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய இங்கிலீஷை இவளுக்குத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

கொட்டகைக்குள் வந்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். சாதாரணப் பிளாஸ்டிக் பந்து வளையாது, நேரே போகும். ரியாக்டிவ் என்று ஒன்று இருக்கிறது. அதன் மேல்தோல் எண்ணெயைக் குடிக்கும், தரையைப் பிடிக்கும், கடைசியில் வளைந்து போய்க் கட்டைகளுக்கு நடுவில் பாயும். முதல்முறை வாங்குகிறவர்கள் உள்ளே சிக்கலான எடை வைத்த உயர்ந்த ரகத்துக்குப் போக வேண்டாம், சமமான எடை வைத்த ஆரம்ப ரகம் போதும், அது சொன்னபடி கேட்கும். அதிலும் இரண்டு வகை. மேலே பளபளவென்று இருப்பது எண்ணெய் கம்மியான லேனுக்கு. தூரம் போய்த்தான் திரும்பும். பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருப்பது எண்ணெய் ஜாஸ்தியான லேனுக்கு, சீக்கிரமே பிடிக்கும்.

இதைக் கேட்டு அவள் சிரித்தாள். "பாலிஷ் போட்ட தோலுக்கும் பஃப் அடிச்சு மங்கலாக்கின தோலுக்கும் கீற வித்யாசம்தானே. இதுக்கா இம்மாம் பேச்சு?"

அவர் கொண்டுவந்திருந்தது வகைக்கு ஒன்று, இரண்டையும் போட்டுப் பார்த்தாள். பளபளப்பானது எங்கள் மீன் எண்ணெயில் சறுக்கி, திரும்பாமலே நேரே போயிற்று. மங்கலானது முக்கால் தூரம் போய் அழகாக இடப்பக்கம் வளைந்தது. ஆண்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தும், படத்தில் மினுங்கிய பளபளப்பான பந்துகளுக்கே டிக் அடித்தார்கள். ஜி.எம். கேட்லாக்கை வாங்கி, அவளுக்காக ஒரு இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பந்துக்கு டிக் அடித்தார். பத்துப் பவுண்டு, லேடீஸ் மாடல்.

அவள் பேனாவை வாங்கினாள். அந்த டிக்கின் மேல் ஒரு கோடு இழுத்தாள். மங்கலான ஆரம்ப ரகத்தில் பதின்மூன்று பவுண்டுக்கு டிக் அடித்தாள்.

ஏஜென்ட் பதறி என்னிடம் சொன்னார். மெட்ராஸ் லேனில் இவ்வளவு எண்ணெய் இருக்காது, இந்தப் பந்து அங்கே தேவைக்கு மேல் வளையும், ஒரே ஒரு பந்துதான் என்றால் ரொம்ப மங்கலும் இல்லாமல் ரொம்பப் பளபளப்பும் இல்லாமல் நடுவாந்தரமாக எடுக்கச் சொல். நான் அப்படியே சொன்னேன். கொஞ்சம் என் சொந்த மசாலாவும் சேர்த்துச் சொன்னேன்.

"அவர்கிட்ட சொல்லு, நான் விளையாடறது இந்த லேன்ல. ஒரு நாள் மெட்ராசுக்கு ஓசரம் வருசம் முழுக்க இருக்கற சனிக்கிழமைய நான் கெடுத்துக்கணுமா?"

ஜி.எம்.முக்கு முகம் சிவந்துவிட்டது. "சரிம்மா. உன் இஷ்டம். ஆனா நம்ம கம்பெனி கடைசி எடத்துக்கு வந்துச்சுன்னா, லேடீஸுக்கு சனிக்கிழமை லேன் கிடையாது. முதலாளிகிட்டயும் நான் சொல்லிக்கறேன்."

"கடைசின்னா போச்சு சார். சரி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டுப் பேருடைய சனிக்கிழமையை, ஒருத்தியையும் கேட்காமல், ஒரு பந்துக்காக வைத்துவிட்டாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "யாரைக் கேட்டுடி சரின்னு சொன்ன?"

"அவரு பந்தை எடுத்திருந்தா மட்டும் யாரைக் கேட்டிருப்பாரு?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

பந்தில் ஓட்டை போட அவள் கை அளவு வேண்டும் என்று ஏஜென்ட் கேட்டிருந்தார். ஷூவுக்கு அட்டையில் அளவு வெட்டுகிற பேட்டர்ன் ரூமில் அவள் கையை அட்டையில் வைத்துக் கோடு போட்டு வெட்டினார்கள். பேட்டர்ன் கட்டருக்கு எதை வெட்டினாலும் சுற்றிலும் தையலுக்கும் மடிப்புக்கும் இடம் விட்டே பழக்கம். இதற்கும் விட்டுவிட்டார். பந்து வந்தபோது அவள் விரல் ஓட்டைக்குள் கொடகொடவென்று ஆடியது. கட்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "தப்பு என்னுதுதாம்மா, திருப்பி அனுப்பிடலாம்" என்றார். அவள் ஆட்டுத்தோல் லைனிங்கில் இரண்டு துண்டு வெட்டி, பசை தடவி உள்ளே ஒட்டி, விரலை விட்டுப் பார்த்தாள். சரியாகப் பிடித்தது. ஜி.எம். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த இளஞ்சிவப்புப் பந்தையும் தனியாக வரவழைத்திருந்தார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மெட்ராசுக்குக் கம்பெனி வேனில் போனோம். எட்டுப் பேரும் போனோம், வேடிக்கை பார்க்க இல்லை, எங்கள் சனிக்கிழமை அதில் மாட்டியிருந்தது. வழியில் நெரிசலில் மாட்டி, மற்ற கம்பெனிகள் பழகி முடித்த பிறகுதான் உள்ளே நுழைந்தோம். ஏசி, கலர் விளக்கு, மீன் வாடை துளியும் இல்லாத லேன்கள். பழகிப் பார்க்க நேரமில்லாமல் நேரே ஆட்டம்.

முதல் பந்திலேயே தெரிந்துவிட்டது. ஏஜென்ட் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. தரை காய்ந்து கிடந்தது. அவள் பந்து பாதித் தூரத்திலேயே பிடித்து இடப்பக்கம் திரும்பி, கட்டைகளின் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போயிற்று. அடுத்ததும் அப்படியே. எங்கள் ஆண்களின் பளபளப்புப் பந்துகளோ ஊரில் திரும்ப மறுத்தாலும் இங்கே ஒழுங்காகத் திரும்பின. அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். முதல் ஆட்டத்தில் எங்கள் அணியிலேயே அவள்தான் கடைசி.

பந்தைக் கொஞ்சம் பாலிஷ் போட்டுக்கொள்ளலாமா என்று கூடத்துக்காரரிடம் கேட்டாள். ஆரம்பிக்கும் முன் போட்டிருக்கலாம், ஆட்டம் தொடங்கிய பிறகு மேற்பரப்பைத் தொடக் கூடாது, வேண்டுமானால் வேறு பந்து எடுக்கலாம் என்றார் அவர். இதற்காகவே காத்திருந்த மாதிரி ஜி.எம். இளஞ்சிவப்புப் பந்தைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"போடும்மா. நேரா போகும். மானத்தைக் காப்பாத்து."

அவள் அதைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தன் பந்தை எடுத்துக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு இடப்பக்கமாக நகர ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கடைசியில் இடது ஓரத்துக்கே போய், பந்தை வலப்பக்கப் பள்ளத்தைப் பார்த்து வீசினாள். பக்கத்து லேன்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பந்து பள்ளத்தின் உதடு வரை போய், விழப்போகிற நேரத்தில் திரும்பி, குறுக்கே ஓடிவந்து பத்துக் கட்டையையும் சிதறடித்தது. எங்கள் கேன்டீன்காரம்மா ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறந்துவிட்டாள். நான் கத்திய கத்தலில் எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் அணியில் அவள்தான் முதல்.

மூன்றாவது ஆட்டம்தான் கடைசி, அது இழுபறி. நாங்களும் ராணிப்பேட்டைக் கம்பெனி ஒன்றும்தான் கடைசி இடத்துக்குப் போட்டியில் இருந்தோம். அவர்கள் ஆடி முடித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் கடைசியாக ஆட வேண்டியது அவள். ஒரு தடவைக்கு இரண்டு பந்து, முதல் பந்தில் ஒன்பது கட்டை விழுந்தது. வலது ஓரத்தில் ஒரே ஒரு கட்டை நின்றது. அடுத்த பந்தில் அதைச் சாய்த்துவிட்டால் ராணிப்பேட்டையைத் தாண்டிவிடுவோம். சனிக்கிழமை பிழைக்கும்.

வலது ஓரக் கட்டை, இடப்பக்கம் திரும்புகிற பந்து. இது எவ்வளவு பேஜாரான பொருத்தம் என்று எனக்கே அதற்குள் புரிந்திருந்தது. கூடத்துக்காரர் நல்ல மனிதர், தானாகவே வந்து சொன்னார். "மேடம், இதுக்கு பெரிய பெரிய சாம்பியனே பிளாஸ்டிக் பந்துதான் எடுப்பாங்க. நேரா போய் அடிக்கணும். அது ஒண்ணும் அசிங்கம் இல்ல."

ஜி.எம். இளஞ்சிவப்புப் பந்தை மறுபடி ரேக்கில் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எடுடி" என்றேன். "ஒரே ஒரு தடவை. எங்களுக்காக எடு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. தோலின் மேல் தரம் எழுதும் முன் பார்ப்பாளே, அந்தப் பார்வை. தன் பந்தைத்தான் எடுத்தாள். இடது ஓரம் வரை போனாள். மணிக்கட்டை விறைத்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுக் குறுக்கே வீசினாள். பந்து நேராகத்தான் போயிற்று. கட்டையைத் தொடப்போகிறது என்று எல்லோரும் எழுந்துவிட்டோம். கடைசி நேரத்தில் அதன் குணம் அதற்கு வந்துவிட்டது. சற்றே திரும்பியது. கட்டைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்திருக்கும். கட்டை அசையக்கூட இல்லை.

ஜி.எம். இளஞ்சிவப்புப் பந்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

வேனில் திரும்பி வரும்போது காஞ்சிபுரம் பிரிவு தாண்டும்வரை பொறுத்துக்கொண்டேன், அதற்கு மேல் முடியவில்லை. "உன் பிடிவாதத்துக்கு எங்க சனிக்கிழமையைத் தூக்கிக் குடுத்துட்ட. நீ யாருடி அதைக் குடுக்க? அந்த ஒரு பந்தை எடுத்திருந்தா இன்னா கொறைஞ்சிருப்ப?" என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னேன். அவள் புருஷனைக்கூட இழுத்தேன் என்று நினைக்கிறேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எடுத்திருந்தா விழுந்திருக்கும்" என்றாள் கடைசியில். "எனக்கும் தெரியும். விழுந்திருந்தா சனிக்கிழமையும் இருந்திருக்கும். ஆனா அது அவரு குடுத்த சனிக்கிழமை. ஒவ்வொரு வாரமும் சொல்லிக் காட்டியிருப்பாரு. நான் குடுத்த பந்தாலதான் நீங்கள்லாம் ஆடிட்டு கீறீங்கன்னு."

"சொன்னா சொல்லட்டுமே. காதுல வாங்காம ஆடியிருப்போம்ல."

"நீ ஆடியிருப்ப. என்னால முடியாது."

அவள் சொன்னது நியாயமா என்று இன்றைக்கும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு நியாயமே இல்லை என்றுதான் பட்டது. அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. சாப்பிடக்கூட வேறு மேசையில் உட்கார்ந்தேன். சனிக்கிழமை வந்தது. மதியம் கொட்டகைக் கதவில் பெரிய பூட்டு. நாங்கள் ஏழு பேரும் டிபன் பாக்ஸோடு கேன்டீனை ஒட்டிய நீள வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மாலை ரயிலுக்கு நேரம் இருந்தது, வீட்டுக்குப் போக ஒருத்திக்கும் மனசு இல்லை.

அப்போது லாஸ்ட் ஸ்டோரிலிருந்து அவள் ஒரு கோணிப்பையை இழுத்துக்கொண்டு வந்தாள். லாஸ்ட் என்பது ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கிற கால் வடிவக் கட்டை. உடைந்தும் தேய்ந்தும் போனவற்றை ஓரமாகக் குவித்திருப்பார்கள். அதில் பத்துப் பொறுக்கி வந்திருந்தாள். வராந்தாவின் கடைசியில் அவற்றைத் தலைகீழாக, பாதம் மேலே பார்க்க, முக்கோணமாக நிறுத்தினாள். எங்களைத் தாண்டி இந்த முனைக்கு வந்தாள். தோள்பையிலிருந்து அவள் பந்தை எடுத்தாள்.

"ஏய், சிமென்ட்டு தரைடி" என்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். "பந்து செத்துடும்."

போட்டுவிட்டாள். அது உருண்ட சத்தம் இருக்கிறதே, கம்பெனி முழுக்க நறநறவென்று கேட்டிருக்கும். லாஸ்டுகள் நாலாபக்கமும் பறந்தன. பந்தை எடுத்துப் பார்த்தோம். எண்ணெய் குடிக்கிற அதன் தோல் முழுக்கக் கீறல், ஓரிடத்தில் சில்லே பெயர்ந்திருந்தது. அவள் அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். மறுபடி போட்டாள்.

சத்தம் கேட்டு ஜி.எம். வந்தார். கீறல் விழுந்த பந்தைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்னம்மா பண்ற? நல்ல பந்தை இப்படிப் பாழாக்கறியே."

"என் பந்து சார்."

"இங்கெல்லாம் ஆடக் கூடாது."

"நீங்க லேனைத்தானே சார் மூடினீங்க. இது தரை."

அவர் எங்களையெல்லாம் பார்த்தார். எழுந்து போய்விடுவோம் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. கேன்டீன்காரம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள், ஆற்றுவதை நிறுத்தவில்லை. ஸ்டிச்சிங் பெண்கள் நகரவில்லை. நானும் நகரவில்லை. திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

திங்கட்கிழமை அவளை செலக்ஷன் மேசையிலிருந்து எடுத்து, பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கப் போட்டார்கள். அத்தனை வருஷம் சண்டை போட்டுப் பிடித்த இடம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேளேன், முதலாளியிடமாவது போயேன் என்றேன். மடித்த பெட்டியை அடுக்கில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.

"சனிக்கிழமை நீ வர்றியா, மாட்டியா? அதைச் சொல்லு" என்றாள்.

சனிக்கிழமை மதியம் பேக்கிங்கிலிருந்து அந்தப் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வருவதற்குள் நான் வராந்தாவின் கடைசியில் பத்து லாஸ்டையும் நிறுத்தி முடித்திருந்தேன்.